ஹோமோசிஸ்டீன் கூடினால் மாத்திரை போதுமா?

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும் பழக்கம் வேரூன்றிவிட்டது. காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போகிறார்கள். மாலைக்குள் அறிக்கை செல்போனுக்கு வந்துவிடுகிறது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று பழகிய பெயர்களுக்கு நடுவே இப்போது இன்னொரு பெயரும் தலைகாட்டுகிறது: ஹோமோசிஸ்டீன். பக்கத்தில் தடித்த எழுத்தில் 24 அல்லது 31, சிலருக்கு 40ஐயும் தாண்டிய எண். இயல்பான அளவு லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் என்று அருகிலேயே அச்சிட்டிருக்கும்.

இதயப் பரிசோதனைகளின் வரிசையில் அந்த எண்ணைப் பார்த்தவருக்குப் பதற்றம் வருவது இயற்கை. ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றும் கலந்த மாத்திரை அட்டை அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால் எண் இறங்கியிருக்கும். மாரடைப்பு அபாயம் நீங்கியது என்று நிம்மதியாகிவிடுகிறார்.

எண் இறங்குவது உண்மை. மாரடைப்பு அபாயம் நீங்கிவிட்டதா என்பது வேறு கேள்வி. உலகம் முழுவதும் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நம் நாட்டில் அந்த எண் ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கோ, மும்பையிலிருந்து மூன்று மணி நேர ரயில் தொலைவிலேயே விடை இருக்கிறது.

புனே சொன்ன கணக்கு

புனே கே.இ.எம். மருத்துவமனை ஆய்வு மையத்தில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் தலைமையிலான குழு, கிராமத்தார், நகரக் குடிசைவாசிகள், நகர நடுத்தர வர்க்கத்தார் என்று 441 ஆண்களின் ரத்தத்தைச் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 67 சதவீதம் பேருக்கு பி12 குறைவு. 58 சதவீதம் பேருக்கு ஹோமோசிஸ்டீன் 15க்கு மேல்.

குறைபாடு ஏழைகளிடம்தான் அதிகம் இருக்கும் என்று எவரும் நினைப்பார்கள். முடிவு அதற்கு நேர்மாறாக இருந்தது. நகர நடுத்தர வர்க்கத்தில்தான் நிலைமை மோசம்: 81 சதவீதம் பேருக்கு பி12 குறைவு, 79 சதவீதம் பேருக்கு ஹோமோசிஸ்டீன் உயர்வு. அடிக்கடி அசைவம் சாப்பிடுபவர்களோடு ஒப்பிட்டால் சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறையும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். ஹோமோசிஸ்டீன் உயர்வுக்கு பி12 குறைவின் பங்கு 28 சதவீதம் என்றும், ஃபோலேட் குறைவின் பங்கு 2 சதவீதம் மட்டுமே என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது.

இந்தக் கடைசி வரி முக்கியம். மேற்கத்திய நாடுகளில் ஹோமோசிஸ்டீன் என்றால் முதலில் ஃபோலேட்டைத்தான் நினைப்பார்கள். சாம்பாரும் பருப்பும் கீரையும் புழங்கும் நம் தட்டில் ஃபோலேட் ஓரளவு இருக்கிறது. பி12 இல்லை.

பி12-ஐ எந்தச் செடியும் கொடியும் தயாரிப்பதில்லை. அதை உருவாக்குபவை பாக்டீரியாக்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக மட்டுமே அது நமக்குக் கிடைக்கிறது. இட்லி மாவு புளிக்கும்போது பி12 உண்டாகிறது என்ற நம்பிக்கை மாட்டுங்கா வீடுகளில் பரவலாக உண்டு. புளித்த மாவு நல்ல உணவுதான். ஆனால் பி12க்கு அதை நம்பியிருக்க முடியாது. ஸ்பைருலினா பாசியில் இருப்பதாகச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி பி12.

உடலுக்குள் நடப்பது என்ன?

பருப்போ பாலோ மீனோ, எதைச் சாப்பிட்டாலும் அதன் புரதத்திலிருந்து மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் கிடைக்கிறது. உடல் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழியில் இடையில் உண்டாகும் பொருளே ஹோமோசிஸ்டீன். அது ரத்தத்தில் தேங்கக் கூடாது. அதை அகற்ற முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மறுபடி மெத்தியோனினாக மாற்றுவது. இதற்கு ஃபோலேட், பி12 இரண்டும் சேர்ந்து வேண்டும். மற்றொன்று, சிஸ்டீன் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றுவது. இதற்கு பி6 வேண்டும்.

மூன்றில் எது குறைந்தாலும் எண் ஏறும். சிறுநீரகம் பழுதானாலும் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஏறும். புகைப்பிடிப்பவர்களிடமும், காபி அதிகம் குடிப்பவர்களிடமும் சற்றுக் கூடுதலாகக் காணப்படும். ஆகவே அறிக்கையில் உள்ள எண் ஒரு நோயின் பெயர் அன்று. உள்ளே எங்கோ ஒரு குறை இருக்கிறது என்ற தகவல் மட்டுமே.

பரேலில் தொடங்கிய கதை

ஃபோலிக் அமிலத்தின் கதை தொடங்கியதே மும்பையில்தான் என்பது இந்த நகரத்துக்காரர்களுக்கே அதிகம் தெரியாது. மாட்டுங்காவிலிருந்து தெற்கே இரண்டாவது ரயில் நிலையம் பரேல். அங்கிருக்கும் ஹாஃப்கின் ஆய்வு நிலையத்துக்கு 1928-ல் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தார் டாக்டர் லூசி வில்ஸ். பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துக் காணப்பட்டன. காரணம் யாருக்கும் புரியவில்லை.

வில்ஸ் முதலில் செய்த காரியம், அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தது. காய்கறியும் பழமும் ஏறக்குறைய இல்லாத உணவு. ஏழை முஸ்லிம் பெண்களிடம் நோய் அதிகமாக இருந்தது. வசதியான வீடுகளில் அரிதாக இருந்தது. அதேபோன்ற உணவை எலிகளுக்கும் பின்னர் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். ரத்தம் குன்றிய குரங்குக்கு மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அது தேறியது. கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்திலும், சென்னை திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய ஆராய்ச்சி தொடர்ந்தது. அந்த கோஷா ஆஸ்பத்திரிதான் இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை.

மற்றொரு வகை ரத்தசோகையைக் குணப்படுத்திய சுத்திகரித்த கல்லீரல் சாறு இந்தப் பெண்களிடம் பலிக்கவில்லை. அப்படியானால் கல்லீரல் சாற்றில் இருப்பது வேறு, ஈஸ்ட்டில் இருப்பது வேறு. ஈஸ்ட்டில் இருந்ததைப் பல ஆண்டுகள் 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தார்கள். அதுதான் ஃபோலேட். கல்லீரல் சாற்றில் இருந்தது பி12. அதைப் பிரித்தெடுக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுப்பாராவின் மருந்தும் ஒரு கண்ணியும்

ஃபோலிக் அமிலத்தை 1945-ல் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது அமெரிக்காவின் லெடர்லி நிறுவனக் குழு. அதற்குத் தலைமை தாங்கியவர் யெல்லாபிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895-ல் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். குடலில் சத்தை ஒட்டவிடாமல் செய்யும் ஸ்ப்ரூ நோய்க்குச் சகோதரரைப் பறிகொடுத்தவர். அந்நோயால் தானும் அவதிப்பட்டவர். அதே நோய்க்கு அவர் குழு தயாரித்த ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று.

மருந்து கையில் கிடைத்ததும் உலகெங்கும் ரத்தசோகைக்காரர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். பி12 குறைவால் ரத்தசோகை வந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். ரத்தம் ஊறியது, முகம் தெளிந்தது. சில மாதங்களில் அவர்களில் பலருக்குக் கால் மரத்தது, நடை தள்ளாடியது. தண்டுவட நரம்புகள் சேதமாகிக்கொண்டிருந்தன. ஃபோலிக் அமிலம் ரத்தத்தை மட்டும் சரிசெய்து, பி12 பஞ்சத்தை மறைத்துவிட்டது. நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போனது.

எழுபது ஆண்டுகளுக்கு முன்பு கற்ற இந்தப் பாடம் இன்றும் இந்தியாவுக்குத்தான் அதிகம் பொருந்தும். புனே குழு கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியிட்ட முடிவு இதை வேறொரு கோணத்தில் சொல்கிறது. ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் குழந்தைகளிடம், ஆறு வயதில் இன்சுலின் சரிவர வேலை செய்யாத போக்கு மற்றவர்களைவிட மிகுந்து காணப்பட்டது.

மாரடைப்பைத் தடுக்குமா?

ஹோமோசிஸ்டீனை இதயத்தோடு இணைத்தவர் ஹார்வர்டு நோய்க்குறியியல் மருத்துவர் கில்மர் மெக்கல்லி. ஹோமோசிஸ்டீனூரியா என்ற பிறவி நோயில் இந்தப் பொருள் ரத்தத்தில் பல மடங்கு தேங்கும். அந்நோயால் 1933-ல் எட்டு வயதில் பக்கவாதம் வந்து இறந்த ஒரு சிறுவனின் ரத்தக் குழாய்கள் முதியவருடையவைபோலத் தடித்திருந்தன. பி12-ஐப் பயன்படுத்திக்கொள்ள முடியாத வேறொரு பிறவிக் குறையால் இறந்த இரண்டு மாதக் குழந்தையிடமும் அதே சேதத்தைக் கண்டார் மெக்கல்லி. இருவருக்கும் நொதிக் கோளாறு வெவ்வேறு. தேங்கிய பொருள் ஒன்றே. அந்தப் பொருள்தான் குழாயைக் கெடுக்கிறது என்று 1969-ல் எழுதினார். கொலஸ்ட்ராலே எல்லாம் என்று நம்பிய காலம் அது. எழுபதுகளின் கடைசியில் அவர் ஹார்வர்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தொண்ணூறுகளில் அவர் சொன்னதை உலகம் திரும்பிப் பார்த்தது.

அதன் பிறகு பெரிய சோதனைகள் வரிசையாக நடந்தன. நார்வேயில் மாரடைப்பு வந்து பிழைத்த 3,749 பேரிடம் பி வைட்டமின்களைச் சோதித்தார்கள். எண் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. மறுபடி மாரடைப்பு வருவது குறையவில்லை. கனடா தலைமையில் 5,522 பேரிடம் ஐந்து ஆண்டுகள் நடந்த ஹோப்-2 சோதனையிலும் மாரடைப்பு, மரணம் ஆகியவற்றில் பலன் தெரியவில்லை. பக்கவாதம் மட்டும் கால் பங்கு குறைந்தது. இவை இரண்டும் 2006-ல் வெளிவந்தன. எட்டுச் சோதனைகளின் 37,485 பேரையும் ஒன்றுதிரட்டி 2010-ல் கணக்கிட்டபோது, எண் 25 சதவீதம் இறங்கியும் இதய நோயோ மரணமோ குறையவில்லை என்று தெளிவாயிற்று.

பக்கவாதத்தின் கதை சற்று வேறு. ரத்த அழுத்தம் உள்ள 20,702 சீனர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. அழுத்த மாத்திரையோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாகக் குறைந்தது. மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்காத, உணவில் ஃபோலேட் குறைந்த பகுதிகள் அவை. குறை இருந்த இடத்தில் நிரப்பியதால் பலன் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் நினைவுத்திறன் லேசாகக் குன்றிய 70 வயது கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மூன்று வைட்டமின்களும் கொடுத்தபோது மூளை சுருங்கும் வேகம் 30 சதவீதம் குறைந்தது. ஹோமோசிஸ்டீன் மிகுந்திருந்தவர்களிடமே பலன் அதிகம் தெரிந்தது.

அளவு மீறினால் தீங்கும் உண்டு. நீரிழிவால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்குக் கனடாவில் அதிக அளவில் இந்த வைட்டமின்களைக் கொடுத்தபோது, சிறுநீரகம் இன்னும் வேகமாகக் கெட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. பி6-ஐப் பெரிய அளவில் நீண்ட நாள் விழுங்கினால் அதுவே கைகால் நரம்பைக் கெடுக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் பி6க்கு விதித்த உச்சவரம்பு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம். மருந்துக்கடையில் கிடைக்கும் சில மாத்திரைகளில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

தாராவியின் கால் எரிச்சல்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் தாராவியில், முழு உடல் பரிசோதனைக்குப் பணம் செலவழிப்பவர்கள் குறைவு. அங்கே இந்தக் குறை எண்ணாக வராது. கால் வழியாக வரும். தொண்ணூறு அடி சாலையின் மருந்துக்கடைகளில் கேட்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணாச்சி, காலு மதமதன்னு இருக்கு, ராத்திரி எரியுது. நல்ல சத்து மாத்திரையா ஒண்ணு குடுங்க."

"சுகர் மாத்திரை போடுதீயளா?"

"அது ஆச்சு எட்டு வருசம்."

கடைக்காரர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். சர்க்கரை நோய்க்கு முதல் மருந்தான மெட்ஃபார்மின், ஆண்டுக்கணக்கில் போடும்போது குடல் பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைக்கிறது. நெஞ்செரிச்சலுக்குத் தினமும் போடும் கேஸ் மாத்திரையும் அதையே செய்கிறது. கால் எரிச்சல் வந்ததும் எல்லாம் சுகரால்தான் என்று விட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு பகுதி பி12 குறைவாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டு நிறுத்திவிடலாம். தள்ளிப்போட்டால் போன நரம்பு திரும்பாது.

அசைவம் சாப்பிடுபவர்கள்தானே என்ற நினைப்பும் ஏமாற்றும். வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறியும், மற்ற நாளெல்லாம் சோறும் குழம்புமாகப் போகும் வீட்டில், பாலும் டீக்கு மட்டும் என்றால், நாளொன்றுக்கு வேண்டிய 2.4 மைக்ரோகிராம் பி12 எங்கிருந்து வரும்? செறிவூட்டிய அரிசியில் விதிப்படி ஒரு கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம்தான் பி12. கால் கிலோ அரிசி பொங்கினாலும் தேவையில் ஏழில் ஒரு பங்குகூட நிரம்பாது.

கர்ப்பிணிகளுக்கு அரசு இலவசமாகத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்க ஃபோலிக் அமிலம் அவசியம். கர்ப்பிணிகள் அதை நிறுத்தவே கூடாது. ஆனால் அந்த மாத்திரையில் பி12 இல்லை. வில்ஸ் கண்ட குறையை நிரப்பிவிட்டு, பெரும்பாலானவர்களிடம் இருக்கும் மற்றொரு குறையைத் தொடாமல் விட்டிருக்கிறோம்.

கர்ப்பிணிகளின் நலனை உணவாலும் காக்க முடியும் என்பதற்கு மும்பையே சான்று. இங்கே குடிசைப் பகுதிப் பெண்கள் 6,513 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்குக் கருவுறும் முன்பிருந்தே கீரை, பழம், பால் சேர்த்த தின்பண்டம் தினமும் கொடுத்து நடத்திய 'சரஸ்' ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை நோய் மற்றவர்களிடம் 12.4 சதவீதமாகவும் இவர்களிடம் 7.3 சதவீதமாகவும் இருந்தது.

என்ன செய்யலாம்?

ஹோமோசிஸ்டீன் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைத்து, சீக்கிரமே அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள்ளேயே சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியிட்டுக்கொண்டிருக்கும். மணிக்குப் பத்து சதவீதம் வீதம் எண் ஏறலாம். செம்பூரில் காலையில் எடுத்த ரத்தம், பையில் பல வீடுகளைச் சுற்றி, ரயிலேறி, மதியம் ஆய்வகம் போய்ச் சேர்ந்தால் அறிக்கையில் வருவது உடலின் எண் ஆகாது. அதிகமாக வந்தவர்கள் ஆய்வகத்துக்கே நேரில் போய் ஒருமுறை மறுபடி கொடுத்துப் பார்ப்பது நல்லது.

அப்போதும் எண் கூடியிருந்தால் பி12, ஃபோலேட், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டு நான்கையும் பார்க்க வேண்டும். நூறைத் தாண்டினால் பரம்பரைக் கோளாறா என்று நிபுணரிடம் காட்ட வேண்டும். ஹோமோசிஸ்டீனூரியா உள்ள குழந்தைகளுக்கு வைட்டமின் சிகிச்சை உயிர் காக்கும். பி12 குறைந்திருந்தால் அதை நிரப்பினாலே பெரும்பாலும் எண் தானாக இறங்கும். அதற்குப் பெரிய அளவுகூட வேண்டியதில்லை. புனேயில் ஓராண்டு நடந்த சோதனையில் தினமும் வெறும் 2 மைக்ரோகிராம் பி12 மாத்திரையே ஹோமோசிஸ்டீனைக் குறைத்தது. கூடவே ஃபோலிக் அமிலம் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. நரம்புக் கோளாறு தொடங்கிவிட்டவர்களுக்கும் வயிற்றில் உறிஞ்சும் திறன் குறைந்த முதியவர்களுக்கும் அளவு வேறு; அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சைவ உணவை விட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம் பி12 இருக்கிறது. நெடுநேரம் கொதிக்கவிட்டால் குறையும், பொங்கியதும் இறக்கிவிடலாம். காபியில் ஊற்றும் கால் டம்ளரும் சாதத்தில் கரைக்கும் நீர்மோரும் கணக்கில் வராது. இரண்டு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும் தினமும் சேர்த்தால் தேவை ஏறக்குறைய நிறைந்துவிடும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் எளிது.

மாரடைப்பைத் தடுக்க, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பைக் கட்டுக்குள் வைப்பதும் புகையை விடுவதும் நிரூபணமான வழிகள். பி வைட்டமின் மாத்திரை அந்த வரிசையில் இல்லை. அதன் இடம் வேறு: பி12 பஞ்சத்தால் கெடும் ரத்தத்தையும் நரம்பையும் காப்பது. மெட்ஃபார்மின் போடும் ஒவ்வொருவருக்கும், சைவ உணவு உண்ணும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், அறுபது கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பி12 சோதனை, சயான் மருத்துவமனையிலும் மாநகராட்சியின் மற்ற மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கான இரும்பு மாத்திரையில் பி12-ஐயும் சேர்க்க வேண்டும். மத்திய, மாநில சுகாதாரத் துறைகள் இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.